பதின்மூன்று அவுன்ஸ், எட்டு முழம்

மார்ச் 1, ஞாயிறு

இந்த டைரியைச் சாயப்பட்டறைக்காரர் ஜனவரியிலேயே கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் வெறுமனே கிடந்ததற்குக் காரணம் எழுத விஷயம் இல்லை என்பதல்ல. என்னைப் போன்றவர்கள் எழுத உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்பதுதான். இன்று உட்கார்ந்தே ஆகவேண்டியதாகிவிட்டது. ஸ்காட்லாந்து தேசத்திலிருந்து என் உதவி கேட்டிருக்கிறார்கள்.

கேட்டது என் அக்கா ருக்குமணியின் மகள் தாரணி. அங்கே கிளாஸ்கோ என்ற ஊரில் காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினியர். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பையனையே கட்டிக்கொள்ளப் போகிறாள். பையன் பெயர் யுவன். அவள் ‘யூ…வன்’ என்று இழுத்துத்தான் சொன்னாள். நல்ல தமிழ்ப் பெயரை அந்த ஊர்க் குளிரில் அப்படித்தான் இழுக்க முடியும் போலிருக்கிறது. மே 24, இங்கே கரூரில் கல்யாணம்.

அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை கில்ட் கட்டிக்கொண்டுதான் மேடையேறுவானாம். அவன் வீட்டில் தாத்தா காலத்துக் கில்ட் ஒன்று இருக்கிறது. சுத்தக் கம்பளி, பதினாறு அவுன்ஸ். மே மாதக் கரூரில் அதைக் கட்டிக்கொண்டு அக்னி வலம் வந்தால் யாகத்தில் பையனும் சேர்ந்துவிடுவான். ஆகவே அவர்கள் குடும்பத்துக் கட்டத்தை அப்படியே பருத்தியில், நம் ஊர்த் தறியில் நெய்து தரவேண்டும். “நீங்க துணி லைன்ல இருக்கீங்கல்ல மாமா” என்றாள் தாரணி. இருக்கிறேனா? கரூரிலிருந்து கப்பலேறும் பெட்ஷீட் எதுவும் என் கையைத் தொடாமல் போவதில்லை. அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்: எடை பத்து, பதின்மூன்று, பதினாறு அவுன்ஸ், இதில் எது சரியோ நானே முடிவு செய்யலாம். நீளம் எட்டு.

கில்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் மனைவி தெய்வானைக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. கட்டம் போட்ட துணி, இடுப்பைச் சுற்றி வரும், பின்பக்கம் பூராவும் மடிப்பு, முழங்காலோடு நிற்கும்.

“பாவாடையா?” என்றாள்.

அது போர்வீரர்கள் அணிவது என்றேன்.

“அதுக்கில்லீங்க. பாவாடைன்னா உங்ககிட்டதான கேக்கோணும். உங்களுக்குத்தான் அனுபவம் இருக்குதே.”

இதற்கெல்லாம் பதில் எழுதி ஒரு நல்ல டைரியின் பக்கத்தை வீணாக்குவதாக இல்லை.

மார்ச் 2, திங்கள்

அக்கா போன் செய்தாள். கோயிலில் நின்றுகொண்டு பேசினாள். வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்தால் மச்சானுக்கு ரத்த அழுத்தம் ஏறுமாம். அவர் உடம்பின் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் குமரகுருபரன். கணக்கு வாத்தியார், ரிட்டயர்டு. எனக்குப் பத்தாம் வகுப்பு எடுத்தவர். என் மேல் இருந்த பிரியத்தில் என்னை இரண்டு வருடம் அதே வகுப்பில் வைத்துக்கொண்டார். மைனஸை மைனஸால் பெருக்கினால் என்ன வரும் என்று ஒருநாள் கேட்டார். நஷ்டத்தை நஷ்டத்தால் பெருக்கினால் பெரிய நஷ்டம் வரும் என்று உலக நடப்பைச் சொன்னேன். முட்டி போட வைத்தார். பிறகு என் அக்காவையே கட்டிக்கொண்டார். இன்றுவரை என்னை உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. நல்லசிவம் என்று வருகைப் பதிவேட்டை வாசிப்பது மாதிரி கூப்பிடுவார். அதுவும் கடைசியாகக் கூப்பிட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. நான் அந்த வீட்டுப் பக்கம் போகாததற்குக் காரணம் எனக்கு வேலை அதிகம் என்பதுதான். வேறொன்றுமில்லை.

அக்கா சொன்னது இதுதான். மாப்பிள்ளைக்கு முகூர்த்தத் துணி கொண்டுபோய்க் கொடுப்பது தாய்மாமன் சீர். அந்தத் தட்டை நான்தான் தூக்கவேண்டும் என்று தாரணி ஒற்றைக்காலில் நிற்கிறாள். மச்சான் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார்.

“அளவு சரியா இருந்தா மேடையேறட்டும்னு சொல்லிட்டாருடா. தப்புச்சுன்னா பந்தியில உக்காந்து சாப்புட்டுப்போட்டு அப்படியே போயிறோணுமாம். இந்தத் தடவையாவது டேப்பு வெச்சு அளடா, தம்பி.”

கம்பெனியே அளவு கேட்க என்னிடம்தான் வருகிறது என்றேன். கோயில் மணி மட்டும் கேட்டது.

மார்ச் 4, புதன்

அவுன்ஸ் ஆராய்ச்சி. மருந்துக்கடையில் விசாரித்தேன். ஒரு அவுன்ஸ் என்றால் முப்பது மில்லி. பிடி கிடைத்துவிட்டது. ஸ்காட்லாந்து மழை தேசம். ஆகவே ஒரு துணி எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதைத்தான் அவர்கள் அவுன்ஸில் சொல்கிறார்கள். வேறு எப்படி இருக்க முடியும்?

குளியலறையில் வீட்டிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக நனைத்து, பிழிந்து, இருமல் மருந்து மூடியால் அளந்தேன். என் வேட்டி ஆறு அவுன்ஸ். தெய்வானையின் துண்டு மூடியால் அளந்து மாளவில்லை. தலையணை உறை பதின்மூன்றுக்கு மிக அருகில் வந்தது.

கதவைத் தட்டினாள் தெய்வானை. ஆராய்ச்சி என்றேன். “தலையணை உறையத் தேடிட்டு இருக்கறேன், அத மட்டும் குடுத்துட்டு ஆராயுங்க” என்றாள். எடிசன் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மார்ச் 5, வியாழன்

தறி அர்த்தநாரியிடம் போனேன். அவனும் மச்சானின் மாணவன்தான். ஆனால் ஒரே வருடத்தில் பத்தாம் வகுப்பை விட்டுப் போன அவசரக்காரன். இப்போது எட்டு விசைத்தறி வைத்திருக்கிறான்.

அவுன்ஸ் என்பது எடையாம். ஒரு கெஜத் துணியைத் தராசில் போட்டால் எத்தனை அவுன்ஸ் என்பது. நம் ஊரில் இதையே சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்கிறோம். பதின்மூன்று அவுன்ஸ் என்றால் நம் கணக்கில் இருநூற்று எழுபத்தைந்து. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா என்று பார்க்கவே கேட்டேன். தண்ணீர் முறையை அவனிடம் சொல்லவில்லை. சில விஷயங்களுக்கு உலகம் இன்னும் தயாராகவில்லை.

தாரணி அனுப்பிய கட்டத்தின் படத்தைக் காட்டினேன். கருநீலம், பச்சை, நடுவில் ஒற்றை மஞ்சள் இழை. அர்த்தநாரி சிரித்துவிட்டான். போன வருடம் இதே கட்டத்தில் இருபதாயிரம் சமையலறைத் துண்டு நெய்தானாம், அதே தேசத்துக்கு. அங்கே பாத்திரம் துடைக்கிற துணியை இங்கே மாப்பிள்ளை இடுப்பில் கட்டப்போகிறோம். இதை யுவனிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

நீளம் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். தாரணி ‘எட்டு யார்டு’ என்றாள். யார்டு விஷயத்தில் ஏமாறக்கூடாது. ஸ்காட்லாந்து யார்டு என்று போலீஸே வைத்திருக்கிறார்கள். அளவு தப்பினால் பிடித்துக்கொண்டு போக ஒரு போலீஸ் இருக்கிறது என்றால் அந்த யார்டு நம் யார்டாக இருக்க முடியாது.

எனவே பொது அறிவைப் பயன்படுத்தினேன். ஆண்பிள்ளை இடுப்பில் கட்டுவது. எட்டு. எட்டு என்ன? எட்டு முழம். எந்தக் கடையிலும் போய் எட்டு முழ வேட்டி என்று கேட்டுப் பாருங்கள், எடுத்துக் கொடுப்பான். எட்டு கெஜ வேட்டி என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். கெஜத்தில் கட்டுவது பெண்பிள்ளைகள், அதுவும் ஒன்பது கெஜ மடிசார். யுவன் மடிசாரா கட்டப்போகிறான்?

முடிந்தது. எட்டு முழம் என்று அர்த்தநாரிக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தெளிவு கல்லூரிப் படிப்பில் வராது.

மார்ச் 11, புதன்

இன்று எடை முடிவாயிற்று. அர்த்தநாரி கையிருப்பில் இருந்த மூன்று எடைகளில் துண்டுத் துணி கொண்டுவந்தான். வரும் வழியில் எடை எழுதிய சீட்டு மூன்றும் உதிர்ந்துவிட்டன, மெஷினில் போட்டுத்தான் எது எதுவென்று பார்க்கவேண்டும் என்றான். அதற்கு எதற்கு மெஷின் என்று, பேக்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டே, இன்னொரு கையால் தடவிப் பார்த்தேன். இது நூற்று அறுபது, இது இருநூற்று முப்பது, இது இருநூற்று எழுபத்தைந்து. அவன் போய் மெஷினில் போட்டுவிட்டு வந்தான். 161, 229, 275 என்று வந்ததாம். என்னை ஏதோ சாமியாரைப் பார்ப்பது போலப் பார்த்தான். இருபத்திரண்டு வருடம் பேக்கிங் செக்‌ஷனில் கட்டு தூக்கினால் யாருக்கும் வருவதுதான். இதெல்லாம் டைரியில் எழுதுகிற விஷயமா?

எழுதவேண்டியது வேறு. அடுத்து நான் நடத்திய சோதனை. கல்யாண மண்டபத்தில் மேடைக்கு இருபுறமும் ஆள் உயர மின்விசிறி வைப்பார்கள். கில்ட்டுக்கு உள்ளே அவர்கள் ஒன்றும் போடுவதில்லை என்று கேள்வி. தாரணியிடம் கேட்க முடியவில்லை. மாமன் மருமகளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆகவே பேக்கிங் செக்‌ஷன் விசிறிக்கு முன்னால் மூன்று துணியையும் என் இடுப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நின்றேன், பேன்ட்டுக்கு மேலே. நூற்று அறுபது நேராக என் முகத்துக்கு வந்தது. இருநூற்று முப்பது முழங்காலுக்கு மேல் இரண்டு தடவை எட்டிப் பார்த்தது. இருநூற்று எழுபத்தைந்து அசையவில்லை. மடிப்பும் அதில்தான் நின்றது.

மேனேஜர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

பதின்மூன்று அவுன்ஸ்.

மார்ச் 12, வியாழன்

தாரணிக்குச் சொன்னேன். “அதேதான் மாமா, இங்க கடைக்காரரும் வெயில் ஊருக்குப் பதின்மூணுதான் கரெக்ட்னு சொன்னாரு” என்று குதித்தாள். அந்தக் கடைக்காரர் எந்த விசிறி முன்னால் நின்றார் என்று தெரியவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

துணி வந்துவிட்டது. அறுபது அங்குலப் பெட்ஷீட் தறியில், இரட்டை இழையில். கையில் வாங்கினால் ஒரு குழந்தையை வாங்குவது போல இருக்கிறது. தெய்வானைகூடத் தடவிப் பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருக்குது” என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ‘தான்’ சேர்க்காமல் அவள் எதையும் பாராட்டியதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். பால்காரர், கேஸ் கொண்டுவந்தவர், எதிர்வீட்டு அம்மா. ஸ்காட்லாந்து அரசாங்கம் நேரடியாகக் கேட்டதாகத்தான் எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னதாக ஞாபகம்.

ஏப்ரல் 2, வியாழன்

பதினாறு வருடத்துக்குப் பிறகு மச்சானிடமிருந்து ஒரு காகிதம். அக்கா கோயிலில் வைத்துக் கொடுத்தாள். கோடு போட்ட தாள், சிவப்பு மையில் அடிக்கோடு. பையன் இடுப்பு முப்பத்தாறு அங்குலம். முன்பக்கம் இரண்டு சுற்று. பின்பக்கம் இருபத்தேழு மடிப்பு, ஒரு மடிப்புக்கு இத்தனை அங்குலம். எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் பெட்டி போட்டிருந்தார்:

8 யார்டு = 8 கெஜம் = 16 முழம்.

அதன் கீழே, “நல்லசிவம் கவனத்துக்கு” என்று எழுதியிருந்தார்.

துணியை எடுத்து அளந்தேன். டேப்பு வைத்துத்தான். அர்த்தநாரி ஒரு அங்குலம்கூடக் குறைக்காமல் எட்டு முழம் கொடுத்திருந்தான்.

கணக்கில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

விசேஷம் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 4, சனி

சாப்பிடவில்லை. தெய்வானை கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

அர்த்தநாரியிடம் போனேன். மாப்பிள்ளையின் தம்பியும் ஒரு கில்ட் கேட்கிறான், இன்னும் எட்டு முழம் கிடைக்குமா என்று சாதாரணமாகக் கேட்டேன். யுவனுக்குத் தம்பி கிடையாது, அது வேறு விஷயம். தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை அன்றைக்கே அறுத்துவிட்டானாம். அந்தச் சாயத்தில் நூலும் மிச்சமில்லை. புதிதாகச் சாயம் போட்டால் நிறம் ஒத்து வராது, தறியிலும் ஜூன் வரைக்கும் ஆர்டர் ஓடுகிறது.

“ஏனுங்கண்ணா, முகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது?” என்றான். வெயில் என்றேன். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

பதினாறு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சிலர் தப்பாகப் பேசுகிறார்கள். பிற்காலத்தில் யாராவது இந்த டைரியைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

தாரணிக்குப் பதின்மூன்று வயதில் சீர் நடந்தது. தாய்மாமன் நான் பட்டுப்பாவாடை எடுத்துப் போனேன். அரக்கு நிறம், மாம்பழக் கரை. துணி எத்தனை வேண்டும் என்று அக்கா முழக் கணக்கில் சொல்லியிருந்தாள். கடையில் நானே கையால் முழம் போட்டு எடுத்தேன். கையால் அளப்பதில் ஒரு உரிமை இருக்கிறது. தைத்துக் கட்டி மேடையில் நிறுத்தியபோது பாவாடை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்த நாளில் பம்பாயில் அதுதான் ஃபேஷன். நான் வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தேன்.

கூட்டத்தில் எவரோ, “மாமன் சீரு முழங்காலோட நின்னுபோச்சாட்ருக்குது” என்றார்கள். மண்டபமே சிரித்தது. பிள்ளை இரண்டு கையாலும் பாவாடையைக் கீழே கீழே இழுத்துக்கொண்டு நின்றாள். மச்சான் என் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “அளவு தெரியாதவனுக்கு எதுக்கு சீர்த்தட்டு?” என்றார். எனக்கு அன்றைக்கு அவசர வேலை இருந்ததால் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

அவ்வளவுதான் விஷயம். பம்பாய் ஃபேஷன் கரூருக்கு வர நாளாகும்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஒரு யோசனை. முன்பக்கத்துக்கு மட்டும் இந்தத் துணி. பின்பக்கம் வேறு ஏதாவது நீலத் துணி. மேடையில் மாப்பிள்ளையின் பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு நினைத்துப் பார்த்தேன். அக்னி வலம் வரும்போது எல்லாரும் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 11, சனி

தெய்வானை துணியை எடுத்து மடித்து பீரோவில் வைத்தாள். வைக்கும்போது சும்மா இருக்காமல் முழம் போட்டுப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். “பேப்பரு தலைகீழா இருக்குதுங்க” என்று மட்டும் சொன்னாள். சற்று நேரம் கழித்து, கான்வென்ட் ஸ்கூலுக்கு மடிப்புப் பாவாடை தைக்கிற ரெஜினா அக்காவிடம் காட்டினால் ஏதாவது வழி சொல்வாள் என்றாள். அவளாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதவேண்டும்.

ரெஜினா அக்கா கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. முப்பது வருடமாகக் கரூர்ப் பெண்பிள்ளைகள் அத்தனை பேருடைய யூனிஃபார்ம் மடிப்பும் அவர் கையால் வந்ததுதான். துணியை மேஜைமேல் வைத்தேன். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு வாசலில் இரண்டு வருடம் கேட்ட சத்தம்.

மச்சான் உள்ளே வந்தார். முடி பூராவும் நரைத்திருந்தது. கையில் டேப்பு. அர்த்தநாரியைக் கடைவீதியில் பார்த்தாராம். அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? எட்டு முழம் நெய்து கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். நான் இங்கே இருப்பதைத் தெய்வானை சொல்லியிருக்கவேண்டும்.

“எத்தனை முழம், நல்லசிவம்?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வந்தது, “எட்டுங்க சார்” என்பதுதான். மச்சான் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

“யார் முழம்?”

அவர் துணியின் ஓரத்தைப் பிடித்து அளக்க ஆரம்பித்தார். ஒரு கெஜம், இரண்டு, மூன்று, நாலு. அங்கே முடிந்தது. டேப்பைச் சுருட்டினார். திட்டியிருந்தால் பரவாயில்லை. “தாரணிகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அவள் பாவாடையை இழுத்துக்கொண்டு நின்றது அவருக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது.

ரெஜினா அக்கா அதுவரை எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. துணியை அகலவாக்கில் உதறி விரித்தார். மேஜை போதாமல் இரண்டு பக்கமும் தொங்கியது.

“இது என்னண்ணே, இவ்ளோ அகலம்? அறுபதா?”

பெட்ஷீட் தறி என்றேன்.

“மாப்பிள்ளைக்கு இடுப்புலருந்து முட்டிவரைக்கும் எவ்ளோ?”

இருபத்து நாலு அங்குலம் என்றார் மச்சான்.

“அப்ப நடுவுல கிழிச்சா முப்பது முப்பதா ரெண்டு வரும். ரெண்டையும் நீளத்துல ஒட்டுனா எட்டு கெஜம் ஆச்சு. ஒட்டு மடிப்புக்குள்ள போயிரும், வெளியில தெரியாது. மிஞ்சுன ஆறு அங்குலம் இடுப்புப் பட்டைக்கு. வேற என்ன வேணும்?”

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து, ரெஜினா அக்காவின் காலண்டர் ஓரத்தில் எழுதினார். அறுபதின் கீழ் இரண்டு, முப்பது. நாலின் பக்கத்தில் இரண்டு, எட்டு. பிறகு, கட்டம் சேருமா, ஒரு பாதியைத் திருப்பிப் போட்டால் கோடு மாறிவிடாதா என்று கேட்டார். ரெஜினா அக்கா இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். அர்த்தநாரிக்கு பெட்ஷீட் நெய்துதான் பழக்கம். இரண்டு கரையிலிருந்தும் ஒரே மாதிரி எண்ணிக்கொண்டு வந்து நடுவில் முடிப்பான். மஞ்சள் இழையோடு மஞ்சள் இழை போய் உட்கார்ந்தது. அடிப்பக்கம் இரண்டு பாதிக்கும் கரையே வருகிறது, மடித்து அடிக்கிற வேலைகூட இல்லை என்றார்.

இந்த இடத்தில் நான் சொன்னேன், இதையெல்லாம் யோசித்துத்தான் எட்டு முழம் சொன்னேன் என்று. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மச்சான் என்னையே பார்த்தார். கணக்கு முடிந்த காலண்டரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“நல்லசிவம். மைனஸ மைனஸால பெருக்குனா என்ன வரும்?”

முப்பத்தாறு வருடம் கழித்துக் கேட்கிறார்.

“பிளஸ்ஸுங்க, சார்.”

“ம்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தைரியமாக நின்றுகொண்டுதான் இருந்தேன். ரெஜினா அக்கா எதற்காக ஸ்டூலை எடுத்துப் போட்டார் என்று தெரியவில்லை.

மே 3, ஞாயிறு

கில்ட் தயார். இருபத்தேழு மடிப்பு. எண்ணிப் பார்த்தேன். தெய்வானையும் எண்ணினாள். சரியாகத்தான் இருக்கிறதாம்.

மே 22, வெள்ளி

யுவன் வந்துவிட்டான். ஆறடி இரண்டு அங்குலம். ரயில் நிலையத்தில் என் காலில் விழுந்தான். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவனிடம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினேன். பையனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது போலிருக்கிறது, ‘சாரி, சாரி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

மே 24, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்கு இருபுறமும் ஆள் உயர விசிறி, இரண்டும் முழு வேகத்தில். யுவன் கில்ட்டைக் கட்டிக்கொண்டு மணமகன் அறையிலிருந்து வந்தான். நான் விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வரிசைப் பெண்களின் முந்தானையெல்லாம் பறந்தது. அவன் மடிப்பு அசையவில்லை. தெய்வானை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறெங்கோ பார்த்தேன்.

கில்ட்டை அவன் முன்பே கட்டிக்கொண்டுவிட்டதால், முறைக்குத் தட்டில் மாலையும் சட்டையும் தேங்காயும் வைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே நின்றேன். கில்ட் தாய்மாமன் சீர் என்று புரோகிதர் அறிவித்தார். அப்போதுதான் அந்தக் குரல். பதினாறு வருடத்தில் ஆள் மாறியிருக்கலாம், குரல் அதேதான்.

“மாமன் சீரு இந்தத் தடவையும் முழங்காலோட நின்னுபோச்சாட்ருக்குது.”

மண்டபம் சிரித்தது. யுவன் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று தானும் சிரித்தான். என் கையில் தட்டு கனத்தது. வாசல் எத்தனை தூரம் என்று கண் பார்த்துக்கொண்டது.

மச்சான் மேடையின் முன்விளிம்புக்கு வந்தார். வகுப்பு எடுக்கிற குரலில்தான் பேசினார். மைக் தேவைப்படவில்லை.

“நிக்கவேண்டிய எடத்துல நின்னுருக்குது. அளவு என்னோடது இல்ல, அவருது. நான் சரிபாத்துட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை நீட்டினார்.

“மாப்ள, மேல வாங்க.”

யுவனும் திரும்பினான், நானும் திரும்பினேன். இரண்டு மாதத்தில் அவன் கற்றுக்கொண்ட நாலு தமிழ் வார்த்தையில் அது ஒன்று. தாரணி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, உன்னை இல்லை என்றாள். என்னைத்தான்.

ஏறினேன். தட்டைக் கொடுத்தேன். திருநீறு பூசும்போது தாரணி குனிந்து என் காதில் சொன்னாள்: “மாமா, இதுவும் முட்டி வரைக்கும்தான் வருது.”

“இந்தத் தடவை வேணும்னேதான், கண்ணு” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணில் ஹோமப் புகை.

மே 25, திங்கள்

விசேஷம் ஒன்றுமில்லை. மச்சான் வீட்டில் மறுவீட்டு விருந்து. எனக்குப் பக்கத்து இலை அவருக்கு. இந்த முறை உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, டேப்பை எடுத்து என் முழத்தை அளந்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. பதினெட்டு அங்குலம் இருக்கவேண்டும்.

பதினைந்தே கால்.

பம்பாயில் அப்படி ஒரு ஃபேஷன் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பம்பாய்க்குப் போனதில்லை.